பேஸ்பால் அட்டையில் ஒரு மஞ்சள் பொட்டு

போன செவ்வாய்க்கிழமை கடைக்கு ஒரு பெட்டி வந்தது.

கடை என்றால் இங்கே பிரான்சில், ரூ காய் என்ற தெருவில் இருக்கும் புடவைக்கடை. பகலில் அங்கே நான் சாறி விற்கிறேன், வாரத்தில் ஒரு நாள் இந்தப் பக்கத்தில் உங்களோடு கதைக்கிறேன். பழைய வாசகர்களுக்கு இது தெரியும். புதிதாக வந்தவர்கள் தெரிந்துகொள்ளுங்கள்.

பெட்டி வருவது எங்களுக்குப் புதினமில்லை. சென்னையிலிருந்து வரும், சூரத்திலிருந்து வரும். இது அமெரிக்காவிலிருந்து வந்திருந்தது. சப்பாத்துப் பெட்டி அளவுதான் இருக்கும். மேலே ஆங்கிலத்தில் கடை முகவரி. அதற்குக் கீழே கறுப்பு மார்க்கரில், பெரிதாக, தமிழில் இரண்டே இரண்டு சொல்.

எழுதியவருக்குத் தமிழ் தெரியாது என்பது பார்த்த உடனேயே விளங்கியது. எழுத்துகளை எழுதவில்லை... படம் கீறுவதுபோலக் கீறியிருந்தார். ஒரு எழுத்து நீச்சலடிக்கும் வாத்து மாதிரி இருந்தது. ஆனாலும் வாசிக்க முடிந்தது.

வாசித்துவிட்டுக் கதிரையை இழுத்துப்போட்டு இருந்துவிட்டேன். சாறி பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண், "அக்கா, சுகமில்லையோ?" என்று கேட்டாள். சுகத்துக்கு ஒரு குறைவுமில்லை. அந்த இரண்டு சொல்லில் ஒன்றுக்காக நான் ஒரு வருடம் காத்திருந்தேன், அவ்வளவுதான். என்ன சொல் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே கண்ணைக் கீழே ஓட்டாதீர்கள், ப்ளீஸ்.

கதை போன வருடம் சித்திரையில் தொடங்கியது.

எங்கள் மகள் ஆரணி கட்டியிருப்பது ஒரு பிரெஞ்சுக்காரரை. பெயர் ஜூலியன். நகரத்துக்கு வெளியே சென் தெனியில் ஒரு அலுவலகத்தில் வேலை, குடியிருப்பதும் அங்கேதான். தங்கமான பிள்ளை. இடியப்பத்தைக் கையால் குழைத்துச் சாப்பிடுவார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவி வைப்பார். எங்கள் வீட்டு ஆம்பிளைகள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள்.

ஒரே ஒரு குறை. என்னோடு கதைக்க மாட்டார்.

கோபமா? இல்லை. மரியாதை! கலியாணத்துக்கு முதலே ஆரணி பாடம் எடுத்திருக்கிறாள்: எங்கள் ஆட்களில் மாமியாரைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று. பிரெஞ்சுக்காரர் பேர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதையும் பறித்துவிட்டால் மனுசன் என்ன செய்யும்? 'மாமி' என்று சொல்லலாம் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவருக்கு வாயில் வரவில்லை. ஆகவே நான் 'மதாம்'. அதுவும் தவிர்க்க முடியாத அவசரத்துக்கு மட்டும். மற்ற நேரங்களில் என் முகத்துக்கு நேரே வந்து நிற்பார். நான் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருப்பார். பிறகுதான் விஷயத்தைச் சொல்வார்.

மூன்று வருடம் இப்படித்தான். சொந்த மகளின் புருசனுக்கு நான் தபால் கந்தோர் யன்னலுக்குப் பின்னால் இருக்கும் மதாம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அது வலித்தது.

இந்த ஜூலியனுக்கு ஒரு பைத்தியம் உண்டு. பேஸ்பால் அட்டை.

பேஸ்பால் என்றால் அமெரிக்காக்காரர் உருண்டைத் தடியால் பந்தடிக்கிற விளையாட்டு. எங்கள் கிரிக்கெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். படிக்கிற காலத்தில் ஜூலியன் ஒரு வருடம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கியிருக்கிறார். போன இடத்தில் பிடித்த நோய். ஒவ்வொரு சீசன் தொடங்கும்போதும் ஆட்டக்காரர்களின் படம் போட்ட புது அட்டைகள் வரும். சீட்டுக்கட்டின் சீட்டு அளவு. முன்பக்கம் படம், பின்பக்கம் அவர் எத்தனை அடித்தார் எத்தனை விட்டார் என்ற விபரம். மினுங்கும் பைக்கற்றுக்குள் மூடி விற்பார்கள். உள்ளே யார் இருக்கிறார் என்று உடைத்தால்தான் தெரியும். அந்த வீட்டுக்காரர் இன்றைக்கும் வருடா வருடம் ஒரு பெட்டி வாங்கி அனுப்புகிறார்.

அனுப்புவது கடை முகவரிக்கு. பார்சலை இங்கே நாங்கள் எல்லோரும் கொலி என்றுதான் சொல்லுவோம். பிள்ளைகள் இருக்கும் மாடிக்குக் கொலிக்காரர் ஏறுவதே இல்லை, கீழே ஒரு துண்டை ஒட்டிவிட்டு ஓடிவிடுவார். அதனால் அவர்களுடைய கொலி எல்லாம் என்னிடம் வரும்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லவேண்டும். மூடின உறையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்குத் தெரியாது.

வதிவிட அனுமதி தருகிற பிரெபெக்தூர் கந்தோரிலிருந்து கடிதம் எந்த உறைக்குள், எந்த நாளில் வரும் என்று தெரியாமல் வருடக்கணக்காக இருந்தவர்களுக்கு இது விளங்கும். கார்த், அதுதான் அந்த அனுமதி அட்டை, புதுப்பிக்க வரச்சொன்ன திகதி தவறினால் தவறினதுதான். பிறகு விடியற்காலையில் போய் வரிசையில் நின்று அழவேண்டியதுதான். அதனால் வாசலுக்குள் வந்த எதையும், யாருடைய பெயர் என்றுகூடப் பார்க்காமல், நின்ற நிலையிலேயே உடைத்துப் பழகிவிட்டோம். கார்த் கிடைத்தது. பிறகு பிரஜாவுரிமையும் கிடைத்தது. விரல்கள்தான் இன்னும் அகதியாகவே இருக்கின்றன.

இப்படித்தான் ஒருமுறை ஆரணியின் கொலி ஒன்றை, கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது உடைத்துவிட்டேன். உள்ளே என்ன இருந்தது என்று குடும்பங்கள் வாசிக்கும் இந்தப் பத்தியில் எழுத முடியாது. பிள்ளை அழாக்குறையாகச் சொன்னாள்: "அம்மா, எங்கடை கொலியை உடைக்காதேங்கோ." இனி உடைக்கவே மாட்டேன் என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினேன்.

சரி, சித்திரைக்கு வருவோம்.

பேஸ்பாலுக்குப் புது சீசன் தொடங்குகிற நேரத்தில்தான் எங்களுக்கும் புது ஸ்டொக் வரும். அன்றைக்கு ஏழு பெட்டிகள் ஒன்றாக வந்து இறங்கின. எனக்கு இந்த வேலை கை தானாகச் செய்யும். கத்திரிக்கோலால் நாடாவை வெட்டவேண்டும். மேலே இருக்கும் சாறியை எடுத்து முதலில் மூலையைப் பார்க்கவேண்டும். ஈரம் பட்டதோ, சாயம் இளகுதோ, நூல் இழுபட்டதோ, எல்லாக் குறையும் மூலையில்தான் முதலில் தெரியும். பிறகு கிண்ணத்தில் குழைத்து வைத்த மஞ்சளில் விரலைத் தொட்டு அந்த மூலையில் சின்னதாக ஒரு பொட்டு. பெட்டிக்கு ஒரு சாறிக்கு மட்டும்தான். அதைச் சாமிப் படத்துக்கு முன் வைத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் தட்டுக்குப் போகும்.

ஆறாவது பெட்டி சின்னது. லேபலைப் பார்த்தேனா? பார்க்கவில்லை.

வெட்டினேன். உள்ளே மினுங்குகிற பைக்கற்றுகள். சூரத்துக்காரர் சில வேளை ஸ்டிக்கர் பொட்டுப் பைக்கற்றுகளை இனாமாக அனுப்புவார், அதுதான் என்று நினைத்துவிட்டேன். ஒன்றின் வாயை நறுக்கினேன். மேலே இருந்ததை இழுத்தேன். விரல் தன்பாட்டில் போய் மூலையில் மஞ்சளை வைத்துவிட்டு வந்தது. அதற்குப் பிறகுதான் கண் வேலை செய்தது. தொப்பி போட்ட ஒரு இளந்தாரி, தோளில் தடியைச் சாய்த்துக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

என்ரை கடவுளே.

துடைத்தேன். மஞ்சளைத் துடைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? ஈரம் போனது. நிறம் போகவில்லை. அட்டையின் விளிம்பு அதைக் குடித்துவிட்டது. நான் அழுத்தி அழுத்தித் துடைத்ததில், திட்டாக இருந்தது அளவெடுத்து வெட்டினதுபோல ஒரு சின்ன முக்கோணமாகப் படிந்துபோனது.

அந்த நிமிடமே போன் எடுத்து, "தம்பி, பிழை விட்டுட்டன்" என்று சொல்லியிருக்கலாம். அரை நிமிட வேலை. ஏன் சொல்லவில்லை? சத்தியம் பண்ணினவள் நான். ஏற்கனவே கதைக்காத மருமகன். இதையும் செய்தால் 'மதாம்' என்ற அந்த ஒரு சொல்லும் நின்றுவிடும் என்று பயந்தேன்.

கடையில் சாறிப் பைகளை ஒட்டுகிற சூட்டு மெஷின் ஒன்று இருக்கிறது. அட்டைகளை இருந்தபடியே உள்ளே வைத்தேன். பைக்கற்றின் வாயை மெஷினில் வைத்து அமத்தினேன். இருபது வருடமாகப் பை ஒட்டுகிற கை இது. அமெரிக்காவில் ஒட்டினதைவிட நேராக வந்தது. பெட்டிக்கு மேல் புது நாடா. ஜூலியனுக்குக் கொலி வந்திருக்கிறது என்று ஆரணிக்கு மெசேஜ். முடிந்தது என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் சாப்பிட வந்தார்கள். கொலியைக் கண்டதும் ஜூலியனுக்கு வீட்டுக்குக் கொண்டுபோகும்வரை பொறுக்கவில்லை. இஞ்சையே உடைக்கலாமா என்று ஆரணியைக் கேட்டார். மேசையைத் துடைத்தார்கள். வெள்ளைத் துணி விரித்தார்கள். சோப் போட்டுக் கையைக் கழுவி வந்து, பையிலிருந்து பூதக்கண்ணாடியும் சின்ன விளக்கும் எடுத்தார். எங்கே போனாலும் கொண்டுதிரிவார் போல. சத்திரசிகிச்சைக்கு ஆயத்தம் மாதிரி இருந்தது. நான் குசினி வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரர் சோபாவில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

ஒவ்வொரு பைக்கற்றாக உடைத்து, ஒவ்வொரு அட்டையையும் விளிம்பில் மட்டும் பிடித்து, விளக்குக்குக் கீழே சாய்த்துப் பார்த்தார். படம் நடுவில் நிற்கிறதா, விளிம்பு தேய்ந்ததா, மேற்பரப்பில் கீறல் உண்டா. எல்லாவற்றுக்கும் முதல் என்ன பார்த்தார் தெரியுமா? மூலை! நாலு மூலையும் ஊசி மாதிரி, வெள்ளையாக இருக்கவேண்டுமாம். அதில் ஒரு துளி குறை இருந்தாலும் அட்டையின் மதிப்பு போய்விடுமாம். குசினி வாசலில் நான் வலது கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன்.

பாதியில் திரும்பி என்னைப் பார்த்தார். வழக்கம்போல நான் நிமிரும்வரை காத்திருந்துவிட்டு, சாறியைக் கையில் எடுத்தால் ஒரு நிமிடத்தில் குறை நிறை சொல்லிவிடுவீர்களாமே, இந்த வருட அட்டையைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று பிரெஞ்சில் கேட்டார்.

என்னிடம் கேட்டார்! மூன்று வருடத்தில் முதல் தடவை.

பயத்தை மறந்து, மேசைக்குப் போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். போன வருட அட்டையும் இந்த வருட அட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். வடிவாகப் பார்த்தேன். பார்த்தால் சொல்லாமல் இருக்க முடியுமா?

முதலாவது, கரை. போன வருடம் மெல்லிய வெள்ளைக் கரை. இந்த வருடம் சாம்பல் நிறத்தில் ஒரு முரட்டுக் கரை. கரை அகலமானால் உடல் ஒடுங்கும். இதில் ஆட்டக்காரரின் தடியில் பாதி கரைக்குள் போய் வெட்டுப்பட்டுவிட்டது. தடி இல்லாமல் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறவர் பேஸ்பால் விளையாடுகிறாரா, பஸ்ஸை மறிக்கிறாரா? இரண்டாவது, பெயர். ஒரு மனுசன் இவ்வளவு பாடுபட்டு அட்டைக்கு வந்திருக்கிறான், அவன் பெயரை எறும்பு எழுத்தில் மூலையில் ஒதுக்கினால் நியாயமா? விளையாட்டுக் கழகத்தின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். கடைப் பெயர் பெரிதாகவும் நெய்தவர் பெயர் இல்லாமலும் வருகிற சாறிகளை எனக்குத் தெரியும் என்றேன்.

மூன்றாவது, மினுக்கம். பைக்கற்றுக்கு ஒன்று இரண்டு, வானவில் நிறத்தில் பளபளக்கிற அட்டைகள் வருகின்றன. அதுதான் விசேசமாம். இதே சரிகையை எனக்குத் தெரியாதா? கலியாண மண்டப லைட்டுக்கு எடுக்கும், பகல் வெளிச்சத்தில் ஆளைக் காட்டாது. அந்த அட்டையில் முகம் எது, மினுக்கம் எது என்று தேடவேண்டியிருந்தது. நாலாவது, எல்லோரும் பந்தை அடித்துவிட்டு ஆகாயத்தைப் பார்க்கிறார்கள். ஒரே நேரத்தில் எல்லாருக்கும் மேலால் விமானம் போனதோ?

"நல்லதே இல்லையா?" என்று கேட்டார்.

இருந்தது. ஒதுக்கி வைத்திருந்த சாதாரண அட்டைகளுக்குள் ஒன்று. பந்தைப் பிடிக்கிறவர், முழங்காலில் இருக்கிறார். முகமூடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு, புழுதி படிந்த காற்சட்டையோடு, பக்கத்தில் யாருக்கோ ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்த ஆள் வேலைக்கு வந்த ஆள், படம் எடுக்க வந்த ஆள் இல்லை என்றேன். ஜூலியன் அதைத் திரும்ப எடுத்து நெடுநேரம் பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவைத்தார்.

எவ்வளவு சந்தோசமாக இருந்தது என்று உங்களுக்கு எப்படிச் சொல்வேன்? அந்தச் சந்தோசத்திலேயே அவருடைய கை அந்தப் பைக்கற்றுக்குப் போனதைக் கவனிக்கவில்லை. நான் வாயை நறுக்கி ஒட்டினதால் மற்றதைவிட ஒரு நூல் கட்டையான பைக்கற்.

உடைத்தார். அப்படியே அசையாமல் இருந்தார்.

அந்த இளந்தாரிதான் இந்த சீசனில் எல்லாரும் தேடுகிற புது ஆட்டக்காரனாம். அவனுடைய முதலாவது அட்டை. ஜூலியன் ஒரு வருடமாக எதிர்பார்த்தது. மூலையில் மஞ்சளைக் கண்டதும் முகம் சுருங்கினது. விளக்கைக் கிட்டப் பிடித்தார், பூதக்கண்ணாடியை வைத்தார். பிறகு மெல்ல மெல்ல அந்த முகம் மலர்ந்தது. அச்சுப் பிழை என்றார். அச்சகத்தில் மஞ்சள் மை விலகிப் பட்டிருக்கிறது என்றார். பைக்கற்றுக்குள்ளிருந்து வந்த பிழைக்கு மதிப்பு கூடவாம், உலகத்திலேயே இப்படி ஒன்றுதான் இருக்கக்கூடுமாம். படம் எடுத்துத் தன்னுடைய அட்டைக் கூட்டாளிகளுக்கு அனுப்பினார். போன் நிற்காமல் அடித்தது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை அவர்கள் ஒரு கஃபேயில் கூடுவார்கள். அந்தச் சனி அட்டையை நேரே கொண்டுவரச் சொல்லி, கூட்டத்துக்கு மூத்தவர் மெசேஜ் போட்டிருந்தார்.

அப்போதுதான் அது நடந்தது. அட்டையை உள்ளங்கையில் வைத்து என் பக்கம் நீட்டி, தமிழில் சொன்னார்.

"மாமி, பாருங்கோ."

எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஆரணி மட்டும் அட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், பிறகு கீழே என்னுடைய வலது கையைப் பார்த்தாள். மஞ்சள் ஏறின நகம் லேசில் வெளுக்காது.

குசினியில் கோப்பை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள். நான் தமிழில் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை அவள். அன்றைக்குத் தமிழில் சொன்னாள். "அம்மா, சனிக்கிழமைக்கு முதல் சொல்லிப்போடுங்கோ."

திங்கள் போனது. செவ்வாய் போனது. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. பேசாமல் விடும், மஞ்சளைப் பற்றி அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியப்போகுது என்றார். உண்மைதான்... தெரியாது. தெரிந்த ஒருவர் அந்தக் கஃபேயில் இருந்தால்? எத்தனை வருடமாக மை பார்க்கிற கண்கள். எல்லாருக்கும் முன்னால் ஒருவர் அட்டையை மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்த்துவிட்டு, இது கறித்தூள் என்று சிரித்தால், என் பிள்ளையின் புருசன் கள்ளன் மாதிரியல்லவா நிற்பார்?

இதைவிட இன்னொன்றும் என்னைத் தின்றது. மூன்று வருடம் கெஞ்சாமல் கெஞ்சின 'மாமி' எனக்குக் கிடைத்திருக்கிறது. கிடைத்தது எதனால்? சூட்டு மெஷினால். வியாழக்கிழமை போன் எடுத்து, "மாமி, பந்து பிடிக்கிறவரின் படம் என் அலுவலக மேசையில் இருக்கிறது" என்றார். நான் போனைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் கார் து நோர் நிலையத்தில் ஆர்ஈஆர் ரயில் எடுத்து சென் தெனிக்குப் போனேன். கைப்பைக்குள் சின்ன டப்பாவில் மஞ்சள். ஆரணி கதவைத் திறந்துவிட்டு, கடைக்குப் போகவேண்டும் என்று சப்பாத்தைப் போட்டாள். எதற்குப் போகிறாள் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சொன்னேன். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், நின்றபடி, எல்லாவற்றையும். ஜூலியன் நம்பவில்லை. நான் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லி, அச்சகத்தில் நாலு மை எப்படி ஒன்றன்மேல் ஒன்று விழும் என்று பொறுமையாக விளக்கினார். தேவையில்லாத ஒரு அட்டை தாருங்கள் என்று கேட்டேன். தந்தார். டப்பாவைத் திறந்து, இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்து, மூலையில் ஒரு பொட்டு வைத்தேன். அழுத்தித் துடைத்தேன். இரண்டு அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

பூதக்கண்ணாடியை எடுத்தார். நெடுநேரம் பார்த்தார்.

ஏன் மூலையில் என்று கேட்டார். சொன்னேன். புதுசை அப்படியே உடுத்தமாட்டோம், கண்ணூறு பட்டுவிடும். நாங்களே ஒரு சின்னக் கறையை வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அது எங்கள் வீட்டுப் பொருள். கேட்டுத் தலையாட்டினார். பைக்கற் மூடித்தானே இருந்தது என்று அடுத்துக் கேட்டார். மெஷினைப் பற்றிச் சொன்னேன். அதற்குத் தலையாட்டவில்லை.

"மஞ்சள் எனக்கு விளங்குகிறது," என்றார் பிரெஞ்சில். "ஒட்டினதுதான் விளங்கவில்லை, மதாம்."

மதாம்.

ஐந்து நாள் நான் மாமியாக இருந்தேன்.

ரயிலில் திரும்பும்போது அந்த ஒரு வசனம்தான் காதுக்குள் இருந்தது. எவ்வளவு சரியாகச் சொன்னார். மஞ்சள் வைத்தது என் பழக்கம். அதில் ஒரு வஞ்சகமும் இல்லை. உடைத்ததுகூட என் விரல்களின் பழைய பயம். ஒட்டினது மட்டும்தான் நான். யோசித்து, மெஷின் சூடாகும்வரை காத்திருந்து, நேராகப் பிடித்துச் செய்த வேலை. வீட்டில் நாங்கள் சண்டை பிடிப்பதெல்லாம் உடைந்ததைப் பற்றித்தான். மனசு விட்டுப்போவதோ ஒட்டி மறைத்ததால். நீங்களும் யோசித்துப் பாருங்கள், உங்கள் வீட்டில் எப்படி?

சனிக்கிழமை கஃபேக்குப் போய், மறைக்காமல் தானே சொல்லியிருக்கிறார். ஆரணி பிறகு சொன்னாள். எல்லோரும் சிரித்தார்களாம். கூட்டத்து மூத்தவர் மட்டும் அட்டையை வாங்கி விளக்கில் பார்த்துவிட்டு, நல்ல நேர்த்தியான கறை என்று திருப்பிக் கொடுத்தாராம். ஜூலியன் அதை எறியவில்லை. தடித்த பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு வைத்திருக்கிறார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறு வந்தார். இடியப்பம் குழைத்துச் சாப்பிட்டார், கோப்பை கழுவினார், என் முகத்துக்கு நேரே வந்து நின்று காத்திருந்து கதைத்தார். எல்லாம் முந்தின மாதிரி. ஒன்று மட்டும் மாறியிருந்தது. கடைக்குக் கொலி வருவது நின்றுவிட்டது. அவர்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போய் எடுக்கிறார்களாம். வசதியாம். நான் ஒன்றும் கேட்கவில்லை, கேட்க எனக்கு என்ன வாய் இருக்கிறது? கோடை போனது, நத்தார் பண்டிகை போனது. சூட்டு மெஷினை நான் தொடுவதில்லை, பை ஒட்டுகிற வேலையைக் கடையில் மற்றவர்களிடம் தள்ளிவிட்டேன்.

இப்போது போன செவ்வாய்க்கு வருகிறேன். அமெரிக்காவிலிருந்து பெட்டி. புது சீசன். முகவரி எங்கள் கடை. கறுப்பு மார்க்கரில் இரண்டு சொல்:

மாமி, உடைக்காதேங்கோ.

ஆரணிக்குப் போன் எடுத்தேன். தான் ஒன்றும் செய்யவில்லை என்றாள். ஜூலியன் தானாகத் தமிழ் எழுத்துகளைத் தேடிப் பார்த்து எழுதி, படம் எடுத்து அமெரிக்காவுக்கு அனுப்பியிருக்கிறார். அந்த வீட்டுக்காரர், பாவம், தலைகீழோ நேரோ என்றுகூடத் தெரியாமல் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கீறியிருக்கிறார்.

சிலர் கேட்பீர்கள், இது ஏச்சுப் பேச்சுத்தானே, இதற்கு ஏன் சந்தோசப்படுகிறாய் என்று. இல்லை. நம்பாதவர் கொலியை வேறு இடத்துக்கு அனுப்பிவிடுவார், ஒரு வருடம் அனுப்பினவர்தானே! நம்புகிறவர்தான் எங்கள் கைக்கே அனுப்பிவிட்டு, 'உடைக்காதேங்கோ' என்று எழுதுவார்.

உடைக்கவில்லை. இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து அலுமாரிக்கு மேலே வைத்தேன். நாளைக்கு ஞாயிறு. பிள்ளைகள் வருகிறார்கள், வெள்ளைத் துணி தோய்த்து மடித்து வைத்திருக்கிறேன். கரையைப் பற்றி இந்த வருடம் என்ன சொல்லவேண்டி வருமோ தெரியாது.

ஆ... ஒன்று. பெட்டியின் வெளி மூலையில், அட்டைப்பெட்டியில்தான், சின்னதாக ஒரு மஞ்சள் பொட்டு வைத்தேன். அதைப் பற்றி அவர் ஒன்றும் எழுதியிருக்கவில்லைத்தானே?